வளைகுடா, லண்டன், அவுஸ்திரேலியா, ஜேர்மனி: நம்ம ஊர்த் தாதியர் எந்த நாட்டுப் பதிவுக்கு முயல்வது?

போன மாதம் ஒரே கிழமையில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தி களுவாஞ்சிக்குடித் தங்கச்சி. டிப்ளோமா முடித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழு வருடம், இரண்டு பிள்ளைகள். அடுத்தவள் சம்மாந்துறைப் பிள்ளை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் முடித்தவள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது திருக்கோவில் தம்பி. டிப்ளோமாவோடு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, வீடு கட்டிய கடன் கழுத்தில். மூவரும் கேட்டது இதுதான்: "அக்கா, எந்த நாட்டுக்குப் பரீட்சை எழுதினால் நல்லம்?"

மூவருக்கும் நான் மூன்று பதில் சொன்னேன். எப்படி அந்தப் பதில்களுக்கு வந்தேன் என்பதை எல்லாருக்கும் பயன்படும்படி எழுதுகிறேன். நான் மட்டக்களப்புத் தாதியர் கல்லூரியில் படித்து, ஐந்து வருடம் ஊரில் வாட்டில் நின்று, நான்கு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். என்னோடு படித்தவர்கள் அவுஸ்திரேலியாவிலும் ஜேர்மனியிலும் இருக்கிறார்கள். அவர்கள் பட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

## எதை வைத்து நிறுப்பது

எல்லாரும் முதலில் சம்பளத்தைக் கேட்கிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு முன்னால் ஆறு கேள்விகள் இருக்கின்றன.

கையில் என்ன சான்றிதழ்? மூன்று வருட டிப்ளோமாவா, நான்கு வருடப் பட்டமா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் படித்த உதவித் தாதிப் பயிற்சி, பராமரிப்பாளர் பயிற்சி எல்லாம் வேறு வழி. அவற்றை வைத்து எந்த நாட்டிலும் பதிவுபெற்ற தாதியாக முடியாது. முடியும் என்று யாராவது காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

எந்த மொழி, எவ்வளவு?

முதல் சம்பளம் கைக்கு வரும்வரை எத்தனை மாதம், எவ்வளவு காசு?

குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

திரும்பி வர வழி உண்டா? அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வி.

ஆறாவதுதான் நான் மிக முக்கியமாக நினைப்பது. ஏஜென்சிக்காரர் ஒருவரும் இதைச் சொல்ல மாட்டார். பரீட்சையில் தவறினால் அந்த நேரம் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? ஊரில் வேலையோடு, அம்மா வீட்டில் நின்றுகொண்டு தவறுவது ஒன்று. வேலையை விட்டு, நகையை அடகு வைத்து, குளிர் நாட்டில் வாடகை அறையில் இருந்துகொண்டு தவறுவது இன்னொன்று. நான்கு நாடும் கடினமான பரீட்சையை வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கின்றன. அந்த இடம் எது என்று பார்த்தால் உங்களுக்குப் பொருந்துவது எது என்று தெரிந்துவிடும்.

## எந்த நாடானாலும் வரும் செலவு

நாட்டுக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அலுமாரியைத் திறந்து எல்லாச் சான்றிதழையும் கட்டிலில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்ம பக்கத்தில் பெயர்தான் முதல் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர். சாதாரண தரச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக மட்டும். தாதியர் சபைப் பதிவில் முழுப்பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருந்தால் நாலாவது வடிவம். முஸ்லிம் சகோதரிகளுக்கு முகம்மது என்ற ஒரு சொல்லே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டு மூன்று ஆளாக நிற்கும். ஊரில் இதை யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுச் சபைகள் ஒவ்வொரு எழுத்தையும் கேட்கும். சமாதான நீதவானிடம் எடுக்கும் சத்தியக் கடதாசியைச் சில இடங்கள் ஏற்கும், சில இடங்கள் மூலப் பத்திரத்தையே திருத்தி வரச் சொல்லும். திருத்த மாதக்கணக்கு ஆகும். ஆகவே பரீட்சைக்குக் காசு கட்டுமுன் இதை முடியுங்கள். 2004 சுனாமியிலும் அதற்கு முந்திய இடம்பெயர்வுகளிலும் பத்திரங்களை இழந்து பிரதி எடுத்து வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரதி எழுதியவர் ஒரு எழுத்தை மாற்றியிருப்பார், இருபது வருடமாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது கொழும்புப் பயணம். ஆங்கிலப் பரீட்சை, கணினிப் பரீட்சை, மருத்துவச் சோதனை, வீசாவுக்குக் கைரேகை, பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் கொழும்பு. மட்டக்களப்பிலிருந்து இரவு மெயிலில் ஏறினால் விடியக் கோட்டை, பகலில் பரீட்சை, திரும்ப இரவு மெயில். இரவு டியூட்டி முடித்து நேரே ரயில் ஏறிப்போய் ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல் பகுதியில் கண் சொருகிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு நாள் முன்னதாகப் போய் வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தூங்குங்கள். அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

ஆங்கிலப் பரீட்சை பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். பிரித்தானியத் தாதியர் சபையான என்எம்சியின் கணினிப் பரீட்சையும் அப்படித்தான். வேலை கிடைக்குமுன் காலம் முடிந்தால் திரும்பவும் காசு, திரும்பவும் ரயில்.

## வளைகுடா

மூன்று வருட டிப்ளோமாவோடு, குறைந்த காசில், சீக்கிரம் போகக்கூடிய வழி இதுதான். சவூதி, கட்டார், ஓமான், குவைத், பஹ்ரைன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகார சபை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள்ளேயே டுபாய்க்கு ஒன்று, அபுதாபிக்கு ஒன்று, மற்ற எமிரேட்டுகளுக்குச் சுகாதார அமைச்சு. பெயர்கள் வேறென்றாலும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றே: டேட்டாஃபுளோ என்ற நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும், அப்புறம் புரோமெட்ரிக் போன்ற நிறுவனத்தின் பரீட்சை நிலையத்தில் கணினியில் பலதேர்வுக் கேள்விகள். கொழும்பிலேயே எழுதலாம். பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலப் பரீட்சை பெரும்பாலான இடங்களில் தேவைப்படுவதில்லை.

பரீட்சை எளிது. சிரமம் டேட்டாஃபுளோவில். அவர்கள் உங்கள் கையில் இருக்கும் காகிதத்தை நம்புவதில்லை. படித்த இடத்துக்கும், தாதியர் சபைக்கும், வேலை செய்த ஆஸ்பத்திரிக்கும் நேரே எழுதி, அங்கிருந்து பதில் வரும்வரை காத்திருப்பார்கள். என் விடயத்தில் நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் அந்த மின்னஞ்சலைப் பார்க்க வேண்டியவர் மாற்றலாகிப் போயிருந்தார். பதில் போகவே இல்லை. உறுதிப்படுத்த முடியவில்லை என்று அறிக்கை வந்தது. நான் ஊருக்கு வந்து, நிர்வாகக் கிளையில் இரண்டு நாள் வாங்கில் இருந்து, கோப்பை எடுக்க வைத்து, பக்கத்தில் நின்று பதிலை அனுப்ப வைத்தேன். இரண்டரை மாதம் போனது. விண்ணப்பம் போடுவதற்கு முதல் நாளே அந்தக் கிளைக்குப் போய், இப்படி ஒரு கடிதம் வரும், எந்த முகவரிக்கு வரும், யார் பார்ப்பார் என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் பொய் என்று ஓர் அறிக்கை வந்துவிட்டால் அது ஒரு நாட்டோடு நிற்காது. அனுபவக் கடிதத்தில் ஒரு வருடம் கூட்டி எழுதித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போக வேண்டாம்.

பட்டமும் டிப்ளோமாவும் இங்கே ஒரே கதவால்தான் போகும், உள்ளே தரம் வேறு. சவூதியில் பட்டதாரியை ஸ்பெஷலிஸ்ட் என்றும் டிப்ளோமாக்காரரை டெக்னீஷியன் என்றும் வகைப்படுத்துவார்கள். ஒரே வாட்டு, ஒரே வேலை, சம்பளம் வேறு.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அடிப்படைச் சம்பளத்தை. மொத்தம் பெரிதாகத் தெரியும், அதில் அடிப்படை பாதிகூட இருக்காது. அமீரகத்தில் வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அலவன்ஸ் கணக்கில் வராது. அதே சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்ட இருவரில் ஒருத்தி இரண்டு மடங்கு பணிக்கொடையோடு வந்ததைக் கண்ணால் கண்டேன். வருமான வரி இல்லை, தங்குமிடமும் வருடத்துக்கொரு விமானச் சீட்டும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். கடன் அடைக்க இதைவிட வேகமான வழி இல்லை.

மறைந்த செலவு குடும்பத்தில் இருக்கிறது. அமீரகத்தில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். அழைத்த பிறகு பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் சேமிப்பைத் தின்றுவிடும். அதனால் அநேகம் பேர் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் இருக்கிறார்கள். எத்தனை வருடம் உழைத்தாலும் தாதி வேலையை வைத்து அங்கே குடியுரிமை வராது. ஒருநாள் திரும்பித்தான் வர வேண்டும்.

தவறினால்? ஊரில்தான் இருப்பீர்கள். பரீட்சைக் கட்டணம் போகும், வேலை போகாது.

## பிரித்தானியா

நம்ம ஆட்கள் லண்டன் என்றுதான் சொல்வோம். வேலை கிடைப்பது பெரும்பாலும் லண்டனுக்கு வெளியே.

இங்கே டிப்ளோமாவுக்கும் இடம் உண்டு, அதுதான் பெரிய ஆறுதல். தாதியர் சபையான என்எம்சி முதலில் கல்வித் தகைமையைப் பார்க்கும். பிறகு இரண்டு பரீட்சை. சிபிடி கணினியில்: 15 கணக்குக் கேள்வி, 100 தாதியியல் கேள்வி. இதை இலங்கையில் இருந்தே எழுதி முடிக்கலாம். ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சையைப் பிரித்தானியாவுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அதில் பத்து நிலையம், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பணி.

கட்டணத்தை எழுதிக் கூட்டுங்கள். தகைமை மதிப்பீடு 140 பவுண், சிபிடி 83, ஒஸ்கி 794, பதிவு 153. மொத்தம் 1,170 பவுண். ஒஸ்கியில் ஏழு நிலையம் வரை தவறினால் திரும்ப எழுத 397. ஆங்கிலப் பரீட்சை, வீசா, விமானம் வேறாக. நல்ல ஆஸ்பத்திரியாக இருந்தால் ஒஸ்கி உட்படப் பெரும்பகுதியை அவர்களே கட்டுவார்கள். கட்டிவிட்டு, இரண்டு மூன்று வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வைப்பார்கள். அந்த வரியில் எவ்வளவு, எத்தனை மாதத்தில் குறையும் என்பதைக் கையெழுத்திடுமுன் கேளுங்கள். வேலை தேடித் தருவதற்குத் தாதியிடம் காசு வாங்கக் கூடாது என்பது பிரித்தானியாவின் ஆட்சேர்ப்பு விதி. இங்கே கல்முனையிலோ கொழும்பிலோ யாராவது லண்டன் தாதி வேலைக்கு இலட்சக்கணக்கில் கேட்டால், அந்த விதியை மீறித்தான் கேட்கிறார்.

ஆங்கிலம் இருக்கிறதே, அதுதான் அநேகம் பேரை நிறுத்தும் வேலி. ஐஈஎல்டிஎஸ் என்றால் கேட்டல், வாசிப்பு, பேச்சில் 7, எழுத்தில் 6.5, மொத்தத்தில் 7. சுகாதாரப் பணியாளருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓஈடி என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். வளைகுடாவில் நான்கு வருடம் ஆங்கிலத்தில்தான் வேலை செய்தேன் என்றால் என்எம்சி அதை ஏற்காது. நான் ஓஈடியை எடுத்தேன், தாதியருக்கு அதையே சொல்வேன். எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைத் தந்து 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். வாசிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். இது நமக்குப் பழகிய வேலை. சுற்றாடல் மாசடைதல் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் திணறும் தாதி, வெட்டுக்காயத்தோடு வீடு போகும் நீரிழிவு நோயாளி பற்றிச் சரியாக எழுதுவாள்.

இனி ஒஸ்கி. நான் முதல் தடவை தவறினேன். மருந்து கொடுக்கும் நிலையம். அட்டையைப் பார்த்தேன், ஒவ்வாமை இல்லை என்று எழுதியிருந்தது, மருந்தை எடுத்தேன். முடிந்தது. நோயாளியிடம் வாயால் கேட்கவில்லை. ஊரில் பெட் ஹெட் டிக்கெட்டின் தலையில் சிவப்பு மையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஐம்பது கட்டிலுக்கும் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போன கை இது. அங்கே வேகம் வேண்டாம். கைப்பட்டியைப் பிடித்துப் பெயரையும் பிறந்த திகதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்து, அட்டையோடு ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, செய்வது ஒவ்வொன்றையும் உரத்துச் சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். மனதுக்குள் செய்தது செய்யாததுதான். இரண்டாம் தடவைக்கு முன்னால் ஒரு மாதம், சமையலறை மேசையில் தட்டை வைத்து, எதிரே ஒரு தலையணைக்குச் சட்டை போட்டு உட்கார வைத்து, "உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டுப் பழகினேன். தேறினேன். பரீட்சையில் தேவையான திறமை என்னிடம் முதலே இருந்தது, பேசிக்கொண்டு செய்யும் பழக்கம்தான் இல்லை. அதை ஊரில் இருக்கும்போதே வாட்டில் பழகலாம், காசு செலவில்லை.

தவறினால் எங்கே நிற்பீர்கள்? அங்கே. வேலை தொடங்கி 12 கிழமைக்குள் முதல் தடவை எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளர் நிலையில் சம்பளம் உண்டு. மூன்று முறையும் போனால் வேலையும் வீசாவும் போகும்.

சம்பளம்: இங்கிலாந்தில் அரசாங்கச் சுகாதார சேவையில் தாதி தொடங்கும் 5ஆம் தரம் 2025/26இல் வருடத்துக்கு 31,049 பவுண். வரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியப் பங்கு கழித்துக் கையில் மாதம் 2,000 பவுண் அளவில் வரும். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள், வாடகையும் மின்சாரமும் பவுணில்தான் போகும். ஆரம்பத்தில் வளைகுடாவில் மிச்சம் பிடித்த அளவு இங்கே பிடிக்க முடியாது. ஆனால் கணவரும் பிள்ளைகளும் சேர்ந்து வரலாம், கணவர் வேலை செய்யலாம், பிள்ளைக்கு அரசுப் பள்ளி இலவசம், சுகாதாரப் பணியாளர் வீசா என்பதால் மற்றவர்கள் வருடத்துக்கு ஆளுக்கு 1,035 பவுண் கட்டும் சுகாதார மேல்வரி உங்கள் குடும்பத்துக்கு இல்லை. பராமரிப்பாளர் வீசாவோடு இதைக் குழப்ப வேண்டாம். பராமரிப்பாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவருவது 2024 மார்ச்சில் நின்றது, வெளிநாட்டிலிருந்து அவர்களை எடுப்பதே 2025 ஜூலையில் நின்றது. தாதிக்கு அது பொருந்தாது.

இப்போதைய பெரிய குறை, வேலை வாய்ப்பு சுருங்கிவிட்டது. 2022, 2023இல் ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டு எடுத்தன, இப்போது பல இடங்களில் வெளிநாட்டு ஆட்சேர்ப்பை நிறுத்திவிட்டார்கள். நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்து வருடத்தைப் பொதுவாகப் பத்தாக்கப் போவதாகவும் அரசு 2025இல் அறிவித்தது. ஆகவே எல்லாப் பரீட்சையையும் எழுதி முடித்துவிட்டு வேலை தேடாதீர்கள். ஆங்கிலம் தேறியதும் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

## அவுஸ்திரேலியா

பட்டம் இருந்தால் மட்டும் இதை வாசியுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆப்ரா என்ற பதிவு அமைப்பின் இணையத்தில் ஒரு சுயபரிசோதனை இருக்கிறது. சான்றிதழ் விபரத்தைக் கொடுத்தால் எந்த வழியில் போகலாம் என்று சொல்லும். டிப்ளோமாவுக்குப் பெரும்பாலும் இன்னும் படித்துவிட்டு வா என்றுதான் வரும். டிப்ளோமாவுக்கு மேல் ஒரு பட்டத்தை எடுத்துக்கொண்டால் சரியாகும் என்று நினைத்துக் காசு கட்டுமுன், எடுக்கப்போகும் பட்டத்தின் பெயரை வைத்தே அந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள்.

நான்கு வருடப் பட்டதாரிக்கு இரண்டு பரீட்சை. முதலில் என்கிளெக்ஸ். அமெரிக்கா, கனடாவில் எழுதுவதும் இதுதான். கணினி உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தீர்மானிக்கும். 85இலிருந்து 150 கேள்வி வரை, ஐந்து மணி நேரம். நம்மவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் எழுதிவிட்டு வருகிறார்கள். இரண்டாவது அடிலெய்ட் நகரில் நடக்கும் ஒஸ்கி. அதற்குக் கட்டணமே 4,000 அவுஸ்திரேலிய டொலர். விமானம், வீசா, அங்கே தங்குவது, எல்லாம் கைக்காசு. வேலை கொடுக்கப்போகும் ஆஸ்பத்திரி எதுவும் அந்த நேரம் பக்கத்தில் இல்லை. தவறினால் வருகையாளர் வீசாவில், கடனோடு, வெறுங்கையோடு நிற்பீர்கள். நான்கு வழியிலும் விழுந்தால் அடி பலமாகப் படும் இடம் இது. தேறிவிட்டால் நிரந்தர வதிவிடத்துக்கு நேர்வழி இருப்பதும் இங்கேதான். தாதி வேலைக்குப் புள்ளிமுறை வீசாக்கள் இருக்கின்றன.

2025இல் ஒரு புது வழி திறந்திருக்கிறது. பிரித்தானியா, அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் பதிவு பெற்று, 2017 தொடக்கம் 1,800 மணி நேரம் வேலை செய்திருந்தால், இந்தப் பரீட்சைகள் இல்லாமலே அவுஸ்திரேலியாவில் பதிவு செய்யலாம். 1,800 மணி என்பது முழுநேர வேலையில் ஒரு வருடத்துக்குக் கிட்ட. பிரித்தானியப் பதிவு ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கும், அங்கே போக வழி இருக்கிறவர்களுக்கும் இது பெரிய வரம். வளைகுடா அந்தப் பட்டியலில் இல்லை.

## ஜேர்மனி

ஆங்கிலம் வராது, ஜேர்மன் படிக்கிறேன் என்று சிலர் போகிறார்கள். அந்தக் கணக்கு பிழை. தாதியாக அங்கீகாரம் பெற ஜேர்மன் மொழியில் பி2 என்ற மேல்நடுத்தரப் படி வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியவர், முழுநேரம் படித்தாலும் அங்கே போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். டியூட்டி செய்துகொண்டு படித்தால் இரண்டு வருடம். கொழும்பில் கோத்தே நிறுவனம் இருக்கிறது. மட்டக்களப்பில் இருந்து இணையத்தில் படிக்கலாம், பரீட்சைக்கு ரயில்தான்.

நல்ல பக்கம், டிப்ளோமாவைத் தள்ளிவிட மாட்டார்கள். எந்த மாநிலத்துக்குப் போகிறீர்களோ அந்த மாநில அதிகாரம் உங்கள் பாடத்திட்டத்தை அவர்களுடையதோடு ஒப்பிட்டு, குறை என்ன என்று எழுதித் தரும். அதை நிரப்ப ஒரு தகவமைப்புப் பயிற்சி செய்யலாம், இல்லாவிட்டால் அறிவுப் பரீட்சை எழுதலாம். அந்தக் காலத்தில் உதவியாளராகச் சம்பளத்தோடு வேலை செய்யலாம். அங்கீகாரம் வந்து திறன்பெற்ற பணியாளர் வதிவிடம் எடுத்தால், மூன்று வருடத்தில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். இந்த விடயத்தில் பிரித்தானியாவைவிட வேகம்.

தவறினால் முதலில் தவறுவது மொழியில், அது ஊரிலேயே. அதனால் அடி குறைவு. ஆனால் போன காலம் திரும்பாது, இன்னொரு நாட்டுக்கு அந்த மொழி உதவாது. முப்பது வயதுக்கு உள்ளே, மொழி படிப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

## ஒரு பார்வையில்

| | வளைகுடா | பிரித்தானியா | அவுஸ்திரேலியா | ஜேர்மனி |
|---|---|---|---|---|
| டிப்ளோமா | ஏற்பார்கள், தரம் குறையலாம் | ஏற்பார்கள் | பெரும்பாலும் இல்லை | குறை நிரப்ப வேண்டும் |
| மொழி | வேலைக்குப் போதுமான ஆங்கிலம் | ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓஈடி | பிரித்தானியா அளவே | ஜேர்மன் பி2 |
| கடினமான கட்டம் | சான்றிதழ் சரிபார்ப்பு | ஒஸ்கி, வேலை தேடல் | அடிலெய்ட் ஒஸ்கி | மொழி |
| தவறினால் நிற்கும் இடம் | ஊர் | அங்கே, சம்பளத்தோடு சில மாதம் | அங்கே, கைக்காசில் | பெரும்பாலும் ஊர் |
| குடும்பம் | முடியும், செலவு அதிகம் | முடியும் | முடியும் | முடியும், பிறகு |
| நிரந்தர வதிவிடம் | இல்லை | உண்டு, காலம் நீளலாம் | உண்டு | உண்டு |

## அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு

பயிற்சிக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தக் காலம் முடியாமல் விலகினால் காசு கட்ட வேண்டி வரும். அது முடிந்தவர்கள் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போக அவசரப்பட வேண்டாம். 2022இல் வந்த 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர் சம்பளமில்லாத விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாட்டில் வேலை செய்யவும், ஓய்வூதியமும் சேவை மூப்பும் கெடாமல் இருக்கவும் வழி செய்தது. சுகாதார ஊழியருக்கு அமைச்சின் அனுமதி தனியாக வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் எந்தச் சுற்றறிக்கை நடைமுறையில் இருக்கிறது என்று நிர்வாகக் கிளையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேவையை விட்டவர் என்று பதிவானால், நன்னடத்தைக் கடிதம் தேவைப்படும் நாளில் அதே கோப்புத்தான் முன்னால் வரும். போகுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் பதிவு செய்யுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

திருக்கோவில் தம்பிக்கு வளைகுடா. கடன் வட்டியோடு ஓடும்போது இரண்டு வருடம் மொழி படிக்க முடியாது. ஆண் தாதியருக்கு அங்கே அவசர சிகிச்சையிலும் அம்புலன்ஸிலும் நல்ல தேவை இருக்கிறது. அவனிடம் ஒரு நிபந்தனை வைத்தேன்: கடன் முடிந்த மாதத்திலிருந்து ஓஈடிக்குப் படிக்கத் தொடங்க வேண்டும். நான்கு வருடத்தை அங்கே வெறுமனே கழித்த பிறகு தொடங்கியதில் எனக்கு எவ்வளவு காலம் போனது என்று எனக்குத் தெரியும்.

சம்மாந்துறைப் பிள்ளைக்கு நான்கு வழியும் திறந்திருக்கிறது, அதனால்தான் அவளுக்குக் குழப்பம் கூட. அவளுடைய உம்மா, தனியாகப் போவதென்றால் கட்டாரில் மாமா இருக்கிறார், அங்கேதான் என்கிறார். நான் உம்மாவோடும் பேசினேன். முதலில் இரண்டு வருடம் ஊரில் வாட்டில் நிற்கட்டும், அதற்குள் ஆங்கிலப் பரீட்சை. பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இப்போது கேட்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் ஒரு பரீட்சையை வைத்து இரண்டையும் பார்க்கலாம். வேலையும் தந்து ஒஸ்கிக்கும் கட்டும் ஆஸ்பத்திரி பிரித்தானியாவில் கிடைத்தால் அது, அங்கிருந்து 1,800 மணி முடித்து அவுஸ்திரேலியா. கிடைக்காவிட்டால் என்கிளெக்ஸ். அடிலெய்டுக்குத் தேவையான காசு முழுதும் கடனில்லாமல் சேர்ந்த பிறகுதான் விமானம் என்றேன். உம்மா அதற்குத் தலையாட்டினார்.

களுவாஞ்சிக்குடித் தங்கச்சியோடுதான் நீண்ட நேரம் பேசினேன். வளைகுடாவுக்குப் போனால் மூன்று மாதத்தில் போகலாம், ஆனால் சின்னவனுக்கு நான்கு வயது. பிரித்தானியா என்றால் ஒன்றரை இரண்டு வருடம் இழுக்கும், ஆனால் நால்வரும் சேர்ந்து இருக்கலாம். அவளுடைய கணவர் வாத்தியார், சம்பளம் வருகிறது, வீட்டில் அவசரக் கடன் இல்லை. பிரித்தானியாவே என்று முடிவெடுத்தோம். வேலையை விடாமல், சம்பளமில்லா விடுமுறைக்கான கடிதத்தை இப்போதே கேட்பது, தமிழில் மட்டும் இருக்கும் கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்ப்பது, ஓஈடிக்குப் பதிவது.

நேற்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இரவு டியூட்டியில் எழுதிய கடிதம், சிவப்புப் பேனையால் தானே திருத்தியது. 211 சொல். கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, 11 சொல் கூடிப்போச்சு. எதை வெட்ட?" நோயாளியின் மனைவி பற்றிய இரண்டாவது வரியை வெட்டச் சொன்னேன்.